விண்வெளித் துறையில் தனியார்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் இருக்கிறார்கள், சிலர் தும்பா மையத்தில். நிறையப் பேர் சொந்தமாக லேத் போட்டிருக்கிறார்கள். அதனால் "ராக்கெட்டைத் தனியாருக்குக் கொடுத்துட்டாங்களாமே சாரே" என்று ஆரம்பித்து ஆளுக்கொரு கேள்வி கேட்பது வழக்கம். தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கத்துப் படகுக்காரர்களும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு, நான் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இஸ்ரோதான் இருக்கிறதே, இன்-ஸ்பேஸ் என்று இன்னொன்று எதற்கு?

தூத்தூர் பக்கம் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கிறது என்று வையுங்கள். ஒரு அணியின் கோல்கீப்பர்தான் விசிலும் ஊதுகிறார், மைதானமும் அவருடையதே, பந்தையும் அவர்தான் கொடுக்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வெளியூர் அணி வருமா?

2020 வரை நம் விண்வெளித் துறை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஒரு கம்பெனி சொந்தமாகச் செயற்கைக்கோள் செய்தால், அதற்கு அனுமதி தர வேண்டியது இஸ்ரோவை நடத்துகிற மத்திய அரசின் விண்வெளித் துறை. சோதனை செய்து பார்க்கும் கூடம் இஸ்ரோவிடம், ஏவுதளமும் இஸ்ரோவிடம். அதே வேலையைத் தானும் செய்கிற போட்டியாளரும் இஸ்ரோதான். யாரும் வேண்டுமென்றே தடுத்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தங்கள் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது அடுத்தவன் கொண்டுவந்த பெட்டியை முதலில் சோதித்துக் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்?

அதனால்தான் 2020 ஜூனில் மத்திய அமைச்சரவை இன்-ஸ்பேஸ் என்ற அமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியாருக்கு அனுமதி கொடுப்பது, இஸ்ரோவின் கூடங்களைக் கட்டணத்துக்குப் பயன்படுத்த வழி செய்வது, அவர்கள் விதிமுறைப்படி நடக்கிறார்களா என்று கண்காணிப்பது, இவைதான் அதன் வேலை. தலைமை அலுவலகம் அகமதாபாத்தின் போபால் பகுதியில் 2022 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. (போபால் என்றதும் மத்தியப் பிரதேசத்துக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். இது குஜராத்.) முதல் தலைவராக வந்த பவன் கோயங்கா மகிந்திரா நிறுவனத்தை நடத்தியவர், ராக்கெட் விஞ்ஞானி இல்லை. கம்பெனி நடத்துகிறவனின் அவசரம் தெரிந்த ஆளைப் போட்டது நல்ல யோசனை என்பது என் எண்ணம்.

ஆன்ட்ரிக்ஸ், என்சில் என்றெல்லாம் பேப்பரில் வருகிறதே, அவை என்ன?

ஆன்ட்ரிக்ஸ் 1992-ல் தொடங்கிய அரசு வணிக நிறுவனம். இஸ்ரோவின் பொருளையும் சேவையையும் வெளியே விற்க வந்தது. 2005-ல் தேவாஸ் என்ற கம்பெனியோடு போட்ட அலைக்கற்றை ஒப்பந்தமும், 2011-ல் அரசு அதை ரத்து செய்ததும், அப்புறம் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வருஷக்கணக்கில் நடந்த வழக்குகளும் அதன் பேரைக் கெடுத்துவிட்டன. 2019 மார்ச்சில் என்சில் என்ற நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனம் வந்தது. அதுவும் முழுக்க அரசுடையதே. ஒன்வெப் கம்பெனியின் 36 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரில் எல்விஎம்-3 ராக்கெட்டில் அனுப்பியது இதன் வழியாகத்தான்.

சுருக்கமாக, இஸ்ரோ ஆராய்ச்சி செய்யும், என்சில் வியாபாரம் செய்யும், இன்-ஸ்பேஸ் அனுமதி கொடுக்கும்.

அப்போ இஸ்ரோவை விற்றுவிட்டார்களா?

இல்லை. தனியார் இல்லாமல் இஸ்ரோ எந்தக் காலத்திலும் ராக்கெட் செய்ததில்லை. பிஎஸ்எல்வி ராக்கெட்டில் இருக்கிற விகாஸ் இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இன்ஜினை உருவாக்கிய குழுவை வழிநடத்திய நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அது பல ஆண்டுகளாகவே மும்பை கோத்ரெஜ் போன்ற தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு மகேந்திரகிரிக்குச் சோதனைக்கு வருகிறது. அப்போதெல்லாம் இஸ்ரோ டிராயிங் கொடுக்கும், கம்பெனி செய்து கொடுக்கும், காசு வாங்கிக்கொண்டு போகும். கொத்தனாருக்கும் வீட்டுக்காரருக்கும் உள்ள உறவு மாதிரி.

இப்போது கொத்தனாரே சொந்தமாக வீடு கட்டி விற்கலாம். 2022 செப்டம்பரில் ஐந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளை முழுசாகச் செய்யும் ஒப்பந்தம், விமானம் செய்கிற எச்ஏஎல்லும் எல் அண்ட் டியும் சேர்ந்த கூட்டணிக்குப் போனது. சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் தொழில்நுட்பத்தை எச்ஏஎல் 2025-ல் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. எச்ஏஎல் அரசு நிறுவனம்தான் என்பதையும் கவனியுங்கள். 2023 ஏப்ரலில் வந்த இந்திய விண்வெளிக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது: செய்து பழகிய ராக்கெட்டை மறுபடி மறுபடி செய்துகொண்டிருக்காமல் இஸ்ரோ புதிய ஆராய்ச்சிக்குப் போகட்டும்.

வெளிநாட்டுக்காரன் வந்து எல்லாவற்றையும் வாங்கிவிட மாட்டானா?

2024-ல் அந்நிய முதலீட்டு விதியைத் தளர்த்தினார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இல்லை. உதிரிபாகம் செய்கிற தொழிலில் 100 சதவீதம் வரை நேரடியாக வரலாம். செயற்கைக்கோள் என்றால் 74 சதவீதம் வரை நேரடி வழி. ராக்கெட், ஏவுதளம் என்றால் 49 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் அரசிடம் கேட்க வேண்டும்.

ஒரு கம்பெனி நிஜமாகவே ராக்கெட் விட்டிருக்கிறதா?

விட்டிருக்கிறது. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பர் 18 அன்று விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விட்டது. 89.5 கிலோமீட்டர் உயரம் போய்க் கடலில் விழுந்தது. சுற்றுப்பாதைக்குப் போகிற ராக்கெட் இல்லை என்றாலும் இந்தியத் தனியார் ராக்கெட்டில் அதுதான் முதல்.

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஸ்ரீஹரிகோட்டா வளாகத்துக்குள்ளேயே தனக்கென்று ஒரு ஏவுமேடை கட்டிக்கொண்டது. இன்ஜினை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுத்தது. நாங்கள் வெல்டிங் சொல்லிக்கொடுக்கும்போது "ஒவ்வொரு பற்றும் ஒரு பலவீனம், மக்கா" என்று சொல்வோம். இவர்கள் பற்றே வைக்காமல் இன்ஜின் செய்துவிட்டார்கள். நாலு தடவை தள்ளிப்போய், அவர்கள் ராக்கெட் 2024 மே 30 காலையில் கிளம்பியது. அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ராக்கெட் தடம் மாறினால் நடுவானிலேயே நிறுத்துகிற அமைப்பைக் கொடுத்தது இஸ்ரோ. அனுமதி கொடுத்தது இன்-ஸ்பேஸ். இப்படி மூன்று பேரும் அவரவர் இடத்தில் நின்றால்தான் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம்.

மற்ற நாடுகளில் எப்படி?

நியூசிலாந்துக் கதையை எல்லோருக்கும் சொல்வேன். அங்கே ராக்கெட் லேப் என்ற கம்பெனி ராக்கெட் விடத் தயாராகிவிட்டது, ஆனால் அனுமதி கொடுக்க அரசில் ஆளே இல்லை. அதனால் 2016-ல் ஒரு அமைச்சகத்துக்குள்ளேயே சின்னதாக ஒரு விண்வெளி முகமையை ஆரம்பித்தார்கள். அந்த முகமை ராக்கெட் செய்யாது, விதியை மட்டும் பார்க்கும். மறுவருஷம் மே மாதம் மாஹியா என்ற தீபகற்பத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்கான சட்டத்தையும் அதே 2017-ல் நிறைவேற்றிவிட்டார்கள்.

அமெரிக்காவில் நாசா 1958-ல் வந்தது. சரக்கு கொண்டுபோகிற வேலையைத் தனியாரிடம் விடும் திட்டத்தை 2006-ல் ஆரம்பித்தது. ஸ்பேஸ்எக்ஸ் விண்கலம் 2012-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது, 2020-ல் ஆட்களையே ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் அங்கே தனியார் ராக்கெட்டுக்கு லைசென்ஸ் கொடுப்பது நாசா இல்லை. அது விமானப் போக்குவரத்தைப் பார்க்கிற வேறொரு துறையின் வேலை. வாடிக்கையாளர் ஒருவர், நடுவர் இன்னொருவர்.

சரி, நம் நடுவர் சுதந்திரமானவரா?

இங்கேதான் எனக்குக் குறை. இன்-ஸ்பேஸ் தன்னாட்சி அமைப்பு என்று சொல்கிறார்கள், ஆனால் அது இருப்பது விண்வெளித் துறையின் கீழே. அந்தத் துறையின் செயலாளர் யார்? இஸ்ரோவின் தலைவரேதான். விண்வெளி ஆணையத்தின் தலைவரும் அவர்தான். கோல்கீப்பரிடமிருந்து விசிலை வாங்கி அவருடைய வீட்டுப் பையன் கையில் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், நாடாளுமன்றம் நிறைவேற்றிய விண்வெளிச் சட்டம் என்று ஒன்று நமக்கு இல்லை. 2017-ல் ஒரு வரைவு மசோதா வெளியிட்டார்கள், அது சட்டமாகவில்லை. 2020-ல் வந்தது அமைச்சரவை முடிவு, 2023-ல் வந்தது கொள்கை, 2024-ல் வந்தது அனுமதி நடைமுறைகள். கொள்கையை அடுத்த அரசு ஒரு காகிதத்தில் மாற்றிவிடலாம். பத்து வருஷத்துக்கு முதல் போடுகிறவனுக்கு அது போதுமா? கரையில் இருக்கிறவனுக்குத்தான் போதுமா? அடுத்த பதிலைப் பாருங்கள்.

தனியார் ராக்கெட் என் படகு மேலேயோ வீட்டு மேலேயோ விழுந்தால் யார் பொறுப்பு?

குளச்சல்காரர் ஒருவர் இதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1967-ன் விண்வெளி ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் தனியார் கம்பெனி விண்வெளியில் என்ன செய்தாலும் அந்த நாட்டு அரசே பொறுப்பு. 1972-ன் பொறுப்பு ஒப்பந்தம் இன்னும் கடுமையானது. ராக்கெட்டோ செயற்கைக்கோளோ வேறொரு நாட்டின் தரையில் விழுந்து சேதம் செய்தால், தப்பு இருந்ததா இல்லையா என்ற பேச்சே இல்லை, ஏவிய நாடு நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும். 1978-ல் சோவியத்தின் காஸ்மாஸ் 954, அணு உலையோடு கனடாவில் சிதறி விழுந்தது. கனடா 60 லட்சம் கனடா டாலர் கேட்டு, கடைசியில் 30 லட்சம் வாங்கியது.

இதில் ஒரு சின்ன எழுத்து விஷயம் இருக்கிறது. ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. இந்திய ராக்கெட் மாலத்தீவுக்காரர் படகில் விழுந்தால் அவருக்காக அவருடைய அரசு கேட்கலாம். நம் குளச்சல்காரர் படகில் விழுந்தால் அவர் நம் நாட்டுச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும். அந்தச் சட்டம்தான் இன்னும் வரவில்லை. சாதாரண சிவில் வழக்குப் போடலாம், நடக்கட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கலாம்.

வாய்ப்பு மிகவும் குறைவு என்பது உண்மை. கடலில் எந்தப் பகுதி ஆபத்து என்று ஏவுவதற்கு முன்பே கணக்குப் போட்டு அறிவித்துவிடுவார்கள். ஆனாலும் யார் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதி வைப்பது எழுதி வைப்பதுதான்.

குலசேகரப்பட்டினத்தில் ஏன் ஏவுதளம்?

தெற்கே இலங்கை குறுக்கே இல்லை என்பதால். துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலே சுற்றுகிற பாதைக்குப் போகிற ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே விட்டால் இலங்கை மேலே போகும். அதனால் முதலில் தென்கிழக்காகப் போய், அப்புறம் வளைந்து திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட்டுக்கு அது தாங்கும். 500 கிலோ எடையை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிற எஸ்எஸ்எல்விக்கு அந்த வளைவிலேயே பாதிச் சரக்கு போய்விடும் போல ஆகிவிடுகிறது. குலசையிலிருந்து விட்டால் நேரே தெற்கே கடல்தான்.

2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே ஒரு சின்ன ரோகிணி ஆய்வு ராக்கெட்டையும் அங்கிருந்து விட்டுப் பார்த்தார்கள். இடம் தூத்துக்குடி மாவட்டம்தான், நம்முடையது இல்லை. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து கூடங்குளம், உவரி, மணப்பாடு வழியே கடற்கரைச் சாலையில் போனால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அந்தத் தெற்குக் கடல் எங்கள் கடல் ஆச்சே?

ஆமாம். கன்னியாகுமரி முனைக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் எனும் மீன்வளத் திட்டு நம் ஆட்களின் கஞ்சித்தொட்டி. தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் தங்குகடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரையைப் பார்ப்பதில்லை. ராக்கெட் விடுகிற நாளில் இன்ன பகுதிக்குள் வராதே என்று அறிவிப்பு வரும். அன்றாடம் போய்த் திரும்புகிற படகுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, கரையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும். பத்து நாளாகக் கடலில் கிடக்கிற படகுக்கு எப்படிச் சொல்வது?

ஒக்கி நமக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது. 2017 நவம்பர் 30 அன்று புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை. கரையில் டிவி முழுக்கப் புயல், கடலில் இருந்தவனுக்குத் தெரியாது. அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் எங்கள் கடற்கரை ஊர்களில் எப்படி இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் படகில் பொருத்துகிற டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோ உருவாக்கியது, என்சில் வழியாக வருகிறது. கைபேசி கோபுரம் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே இரு பக்கமும் செய்தி போகும். ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு முகமையும் தொழிற்சாலையும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டால் நான் ராக்கெட்டைக் காட்ட மாட்டேன், இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன். உங்கள் படகில் அது இருந்தால் மூடி போட்டு வைக்காதீர்கள். சார்ஜ் இருக்கிறதா, மேலே வானம் தெரிகிறதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். ஏவுதல் அறிவிப்பும் தமிழில் இதே பெட்டிக்கு வரவேண்டும் என்று உங்கள் சங்கம் இப்போதே எழுதிக் கேட்கட்டும். ஏவுதளம் வேலைக்கு வந்த பிறகு கேட்டால் தாமதம்.

நாகர்கோவில் கோணம் பகுதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு இதில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. இஸ்ரோவோ அக்னிகுல்லோ உங்கள் பட்டறைக் கதவைத் தட்டாது. பெரிய கம்பெனிக்குப் பாகம் கொடுக்கிற நடுத்தரக் கம்பெனி ஒன்று இருக்கும், அதற்கு ஜாப் எடுத்துச் செய்கிறவர் ஒருவர் இருப்பார், அவரிடம் மிச்சமான வேலை உங்களிடம் வரும். மூன்றாவது படி. வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லோரும் அங்கேதான் ஆரம்பித்தார்கள்.

என் பழைய மாணவன் ஒருவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அலுமினியக் கலவையில் நாற்பது புஷ், அதாவது குழல் மாதிரி சின்ன வளையங்கள். உள்விட்டத்தில் இருபது மைக்ரானுக்குள் நிற்க வேண்டும், அதாவது தலைமுடியில் கால்பங்குகூட விலகக் கூடாது. பையன் கெட்டிக்காரன். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே சூட்டில் அளந்தால் அலுமினியம் விரிந்து தப்புக் காட்டும் என்று தெரிந்து, விடியற்காலை நாலு மணிக்கு உட்கார்ந்து மைக்ரோமீட்டரைத் துணியால் பிடித்து அளந்தான். நாற்பதும் சரி. கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்குகிற இடத்தில் ஆய்வாளர் பாகத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. "கம்பியோட டெஸ்ட் சர்டிபிகேட் எங்கே? ஹீட் நம்பர் எங்கே?" என்று கேட்டார். கம்பி வாங்கிய கடையில் பில் மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். நாற்பது புஷ்ஷும் திரும்பி வந்தன. ஒன்று இன்னும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

அவனுக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆய்வாளர் பக்கமும் நியாயம் உண்டு. ராக்கெட்டில் ஒரு பாகம் உடைந்தால் அது எந்த உலையில் எந்த நாள் உருகிய உலோகம் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பாதிப் பாகம் உலோகத்தில் இருக்கிறது, பாதிப் பாகம் காகிதத்தில் இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் வாங்கக் கடன் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: அளவுக் கருவிகளை வருஷாவருஷம் அங்கீகாரம் பெற்ற இடத்தில் சரிபார்த்துச் சான்று வாங்குங்கள். சர்டிபிகேட் இல்லாத கம்பியைத் தொடாதீர்கள். எந்த ஜாப் எந்தக் கம்பியிலிருந்து வெட்டியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏர்கிராஃப்ட் தரச் சான்றெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நோட்டு எழுதிப் பழகாதவனுக்கு அந்தச் சான்றால் பயன் இல்லை.

இன்னொன்று, அறுபது நாள் கழித்துப் பணம் வரும் என்பது சொல்கிற கணக்கு. கையில் ஆறு மாசத்துக் கூலி இல்லாமல் இறங்க வேண்டாம்.

மாநில அரசு ஏதாவது செய்கிறதா?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு விண்வெளித் தொழில் கொள்கை வந்தது. ஐந்து வருஷத்தில் 10,000 கோடி ரூபாய் முதலீடு என்பது இலக்கு. இலக்கு இலக்குதான், உங்கள் பட்டறைக்கு எது பொருந்தும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

மகளை என்ன படிக்க வைத்தால் இதில் வேலை கிடைக்கும்?

எல்லோரும் ஏரோநாட்டிக்கல் என்று ஓடுகிறார்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், கெமிக்கல் என எது படித்தாலும் இடம் உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு நேராகப் போக விரும்பினால் திருவனந்தபுரம் வலியமலையில் விண்வெளிப் படிப்புக்கென்றே 2007-ல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது. ஐடிஐ ஃபிட்டர், டர்னர், வெல்டர் படித்த பிள்ளைகளையும் இஸ்ரோ டெக்னீஷியனாக எடுக்கிறது. இதை நான் மேடை போட்டுச் சொன்னாலும் பெற்றோர் காதில் ஏறுவதில்லை.

காசு கொடுத்தால் இஸ்ரோவில் வேலை என்று யாராவது சொன்னால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். விளம்பரம், தேர்வு, நேர்காணல், இதைத் தவிர வழி இல்லை.

இஸ்ரோ தலைவர் நம்மூர்க்காரர். அதனால் நமக்கு ஏதும் கூடுதலாக வருமா?

சரக்கல்விளை சிவன் 2018-லிருந்து 2022 வரை தலைவராக இருந்தார். மேலக்காட்டுவிளை நாராயணன் 2025 ஜனவரியில் பொறுப்பேற்றார். பெருமைதான், எனக்கும் உண்டு. டெண்டரில் ஊர்ப் பாசம் வந்தால் அது நமக்கே கேடு.

குலசையில் ராக்கெட் விட்டால் கன்னியாகுமரியில் நின்று பார்க்கலாமா?

வானம் தெளிவாக இருந்தால் தெரியும். நமக்கு வடகிழக்கில் எழும்பி, கிழக்கே கடல் மேலே ஏறி, தெற்காகப் போகும். முக்கடல் கூடும் இடத்தில் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பதைவிட வட்டக்கோட்டை மதில் மேல் நிற்பது நல்லது, கிழக்கே மறைப்பு இல்லை. சாரல் மாசத்தில் மேகம் மறைத்துவிடும். குடை கொண்டுபோங்கள், காற்றுக்கு அது தாங்காது என்பது வேறு விஷயம்.